ஊரை விட்டு ஓடப் பார்த்த பாதிரியார்

1853-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். நள்ளிரவு. பிரான்சு நாட்டில் ஆர்ஸ் என்ற சின்னஞ்சிறு கிராமம் தூங்கிக்கொண்டு இருந்தது.

பாதிரியார் வீட்டிலிருந்து ஒரு கிழவர் வெளியே வந்தார். வயது 67. ஒட்டி உலர்ந்த உடம்பு. தோளைத் தொடும் நரைமுடி. கையில் ஒரு ஜெபப் புத்தகம். இருட்டில் அவர் நடக்கத் தொடங்கினார்.

அவர் திருடர் அல்ல. கடனுக்குப் பயந்து ஓடுகிறவரும் அல்ல. அந்த ஊர்ப் பாதிரியாரே அவர்தான்! 35 ஆண்டுகளாக அந்த ஊரில் இருப்பவர். அவரைக் காண்பதற்காகப் பிரான்சின் மூலைமுடுக்கில் இருந்தெல்லாம் ஜனங்கள் வந்து, கோவில் வாசலில் காத்துக் கிடந்தார்கள். அந்த இரவிலும் கிடந்தார்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டுத்தான் அவர் புறப்பட்டார்.

ஏன்?

தாம் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவர் என்று அவர் நம்பினார். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, வாழ்நாள் முழுவதும் நம்பினார். எங்காவது ஒரு மடத்தில் போய் ஒடுங்கிக் கிடந்து, தம் பாவங்களுக்காக அழவேண்டும் என்பது அவருடைய ஆசை.

அவர் பெயர் ஜான் மரிய வியான்னி. 1925-ம் ஆண்டு மே 31-ந் தேதி, பதினொன்றாம் பயஸ் போப்பாண்டவர் இவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். 1929-ல் உலகம் முழுவதிலும் உள்ள பங்குப் பாதிரியார்களுக்கு இவரே பாதுகாவலர் என்று அறிவித்தார். ஆனால் இவர் பாதிரியார் ஆனதே ஒரு பெரிய கதை!

வைக்கோல் வண்டிக்குப் பின்னால்

பிரான்சில் லியோன் என்பது பெரிய நகரம். அதன் அருகே டார்டில்லி என்ற ஊரில், 1786-ம் ஆண்டு மே 8-ந் தேதி வியான்னி பிறந்தார். தகப்பனார் விவசாயி. ஆறு பிள்ளைகளில் இவர் நாலாவது. ஆடுமாடு மேய்ப்பதும், வயலில் மண்வெட்டி பிடிப்பதும்தான் சிறு வயதில் இவருக்குத் தெரிந்த வேலைகள்.

மூன்று வயதாக இருக்கும்போது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ராஜாவின் தலை போயிற்று. பாதிரியார்களுக்கும் ஆபத்து வந்தது. திருச்சபைக்கு நாங்கள் போட்டிருக்கும் புதுச் சட்டத்தை ஏற்று சத்தியம் செய்யுங்கள் என்று புரட்சி அரசாங்கம் உத்தரவு போட்டது. மறுத்தவர்களைத் தேடிப் பிடித்தது. பலர் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் தச்சர் என்றும், சமையல்காரர் என்றும் வேஷம் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். இரவில் ஏதாவது ஒரு வீட்டில் இரகசியமாகப் பூசை நடக்கும். விஷயம் காதோடு காதாகப் பரவும். நம்பிக்கையானவர்கள் மட்டும் இருட்டில் வந்து சேருவார்கள்.

சிறுவன் வியான்னிக்கு 13 வயதில் புதுநன்மை கொடுத்தார்கள். முதன் முதலாகத் திவ்விய நற்கருணை வாங்குவதற்குப் புதுநன்மை என்று பெயர். ஊரே கூடிக் கொண்டாட வேண்டிய நாள் அது. ஆனால் என்ன நடந்தது தெரியுமா? எக்குல்லி என்ற ஊரில் ஒரு வீட்டு ஜன்னல்களை எல்லாம் அடைத்தார்கள். உள்ளே எரியும் மெழுகுவத்தி வெளிச்சம் தெருவில் தெரிந்துவிடக் கூடாது அல்லவா? அதனால் ஜன்னல்களுக்கு முன்னால் வைக்கோல் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சில ஆட்கள் வைக்கோலை இறக்குவதுபோல் பாசாங்கு செய்துகொண்டு நின்றார்கள். உள்ளே பிள்ளைகள் மண்டியிட்டு இருந்தார்கள்.

பாதிரியாராக இருந்தால் தலை போகும் என்ற காலம் அது. அந்தக் காலத்தில்தான் பாதிரியாராக வேண்டும் என்ற ஆசை அந்தப் பிள்ளையின் மனதில் விழுந்தது.

மண்டையில் ஏறாத லத்தீன்

ஆசை இருந்தது. படிப்பு இல்லை. குளிர்காலத்தில் வயலில் வேலை இருக்காது. அப்போது மட்டும்தான் பள்ளிக்கூடம். இப்படி எழுத்துக் கூட்டிப் படித்தவர் அவர். தகப்பனாரோ, "வயலில் வேலை செய்ய ஆள் இல்லை, படிக்க வைக்கக் காசும் இல்லை" என்று பிடிவாதமாக மறுத்துவிட்டார். அவர் மனம் இளகுவதற்கு ஆண்டுகள் ஆயின. எக்குல்லி ஊரில் பாலே என்ற பாதிரியார் சில பையன்களை வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தார். அவரிடம் போய்ச் சேர்ந்தபோது வியான்னிக்கு வயது 20.

அந்த நாளில் கத்தோலிக்கப் பாதிரியார்களின் படிப்பு முழுவதும் லத்தீன் மொழியில்தான். பூசை லத்தீன். பாடப் புத்தகம் லத்தீன். ஆசிரியர் பேசுவதும் லத்தீன். பரீட்சையும் லத்தீன். வியான்னிக்கு லத்தீன் வரவே இல்லை! விடிய விடியப் படிப்பார். காலையில் பார்த்தால் மறந்திருக்கும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. 20 வயதுக்கு மேல் இலக்கணத்தை உருப்போடுவது என்றால் சும்மாவா?

கூடப் படித்த பையன்களுக்கோ 12 வயது, 13 வயது. அவர்களில் மத்தியாஸ் லோராஸ் என்று ஒருவன். கெட்டிக்காரன். வியான்னிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை அவனுக்கு வந்தது. திரும்பத் திரும்பச் சொல்லியும் வியான்னிக்குப் புரியவில்லை. பையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோர் முன்னாலும் வியான்னியை அடித்துவிட்டான்!

அடி வாங்கியவர் வாட்டசாட்டமான விவசாயி. திருப்பி ஒரு அடி கொடுத்திருந்தால் பையன் தாங்கியிருக்க மாட்டான். ஆனால் வியான்னி அந்தப் பையன் முன்னால் மண்டியிட்டார். தன்னை மன்னிக்கும்படி கேட்டார். அவன் அழுதுவிட்டான். அவரைத் தூக்கிக் கட்டிக்கொண்டான்.

அந்தப் பையன் பிறகு அமெரிக்காவுக்குப் போனான். டுபூக் என்ற இடத்தில் முதலாவது பிஷப்பாக இருந்தான். வகுப்பிலே நடந்த அந்தச் சம்பவத்தை அவன் கடைசிவரை மறக்கவில்லை.

பட்டாளத்தில் இருந்து தப்பிய கதை

இனி வருவதைப் புனிதர் கதைகளில் சிலர் அவசர அவசரமாகத் தாண்டிப் போவார்கள். ஏனென்றால், வியான்னி பட்டாளத்தில் இருந்து ஓடியவர்!

1809-ல் நெப்போலியன் ஸ்பெயின் நாட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஆள் போதவில்லை. பாதிரியார் படிப்புப் படிக்கிறவர்களைப் பட்டாளத்துக்கு எடுப்பதில்லை என்று விதி இருந்தது. ஆனால் ஜாபிதாவில் வியான்னியின் பெயர் விட்டுப் போயிற்று. ஓலை வந்துவிட்டது. போனார். போன உடனேயே காய்ச்சலில் விழுந்தார். ஒரு ஆஸ்பத்திரி, பிறகு இன்னொரு ஆஸ்பத்திரி. எழுந்து நடமாடத் தொடங்கியதும், புறப்படு என்று உத்தரவு வந்தது. வழியில் கோவிலுக்குப் போய் ஜெபம் செய்தார். வெளியே வந்து பார்த்தால் படை புறப்பட்டுப் போய்விட்டது!

பின்னால் தனியாக நடந்தார். உடம்பில் வலு இல்லை. வழியில் ஒரு வாலிபன் எதிர்ப்பட்டு, மூட்டையை வாங்கிக்கொண்டு, காட்டுப் பாதையாக லே நோவே என்ற மலைக் கிராமத்தில் கொண்டுபோய் விட்டான். அங்கே பட்டாளத்துக்குப் போகாமல் ஒளிந்திருந்த பல பேர் இருந்தார்கள். ஊர்த் தலைவரே இடம் கொடுத்தார். ஒரு விதவைத் தாயின் வீட்டில் 'ஜெரோம் வின்சென்ட்' என்ற பொய்ப் பெயரோடு 14 மாதங்கள் தங்கினார். ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். போலீஸ் வந்தால் வைக்கோலுக்குள் புகுந்துகொள்வார்.

1810-ல் நெப்போலியன் மறுமணம் செய்துகொண்டபோது, ஓடியவர்களுக்கு மன்னிப்பு அறிவித்தார். வியான்னி வீடு திரும்பினார். கொஞ்ச நாளில் அவருடைய தாயார் கண்ணை மூடினார்.

வெளியே போ!

மறுபடியும் லத்தீன்! குருமடத்தில் சேர்த்தார்கள். பாதிரியார் ஆகப் போகிறவர்கள் தங்கிப் படிக்கும் இடத்துக்குக் குருமடம் என்று பெயர். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் வயதில் சின்னவர்கள். லியோன் நகரத்துப் பெரிய குருமடத்துக்கு 1813-ல் போனார். ஆசிரியர் லத்தீனில் கேட்பார். இவருக்குக் கேள்வியே புரியாது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. "நீ போகலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

27 வயது. தாய் இல்லை. பட்டாளத்தில் இருந்து ஓடியவன் என்ற பேச்சு. குருமடத்தில் இருந்து தள்ளப்பட்டவன் என்ற பெயர். வேறு யாராக இருந்தாலும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போயிருப்பார்கள்.

அவரும் அப்படித்தான் நினைத்தார். பாதிரியார் ஆகாவிட்டால் போகிறது, ஒரு மடத்தில் சாதாரணச் சகோதரராகச் சேர்ந்துவிடலாம் என்று எண்ணினார். தடுத்தவர் பாலே பாதிரியார். வியான்னியின் விடாமுயற்சியைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். பாலேயின் விடாமுயற்சியைப் பற்றி அதிகம் பேர் எழுதக் காணோம். மாணவனைத் திரும்ப வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். லத்தீனை ஓரம் கட்டிவிட்டு, வேத சாஸ்திரத்தைப் பிரெஞ்சு மொழியில் சொல்லிக் கொடுத்தார். பரீட்சை செய்பவர்களைத் தம் வீட்டுக்கே கூப்பிட்டு, தாய்மொழியில் கேள்வி கேட்கச் செய்தார். வியான்னி பதில் சொன்னார். பதில்கள் நன்றாகவே இருந்தன! புத்தி இல்லாமல் இல்லை; பாஷைதான் குறுக்கே நின்றது.

லியோன் நகரத்து ஆர்ச்பிஷப் யார் தெரியுமா? நெப்போலியனின் தாய்மாமன்! நெப்போலியன் வீழ்ந்ததும் அவர் ரோமாபுரிக்குப் போய்விட்டார். அதனால் முடிவு செய்யும் அதிகாரம் அவருடைய பிரதிநிதி கூர்போன் பாதிரியார் கைக்கு வந்தது. அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் விசாரித்தாராம். பையனுக்குப் பக்தி உண்டா, ஜெபமாலை சொல்வானா என்று கேட்டாராம். பக்திக்கு அவன்தான் உதாரணம் என்று பதில் வந்தது. சரி, மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சம்மதம் கொடுத்தாராம்.

1815-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, கிரெனோபிள் நகரில் வியான்னிக்குக் குருப்பட்டம் கிடைத்தது. வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்று இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். வழியெல்லாம் ஆஸ்திரிய நாட்டுப் பட்டாளம். ஒரு சின்ன மூட்டையோடு தனியாக நடந்தே போனார். உறவினர் யாரும் கூட இல்லை. பட்டம் பெற்றவரும் அவர் ஒருவர்தான். ஒரே ஒருவருக்காகத் தங்களைச் சிரமப்படுத்துகிறோமே என்று பிஷப்பிடம் சொன்னார்களாம். நல்ல பாதிரியார் ஒருவரை உண்டாக்குவதில் சிரமம் ஒன்றும் இல்லை என்றாராம் அவர்.

பட்டம் கிடைத்தது. ஆனால் பாவசங்கீர்த்தனம் கேட்க அனுமதி கிடைக்கவில்லை! செய்த பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்லி, கடவுளின் மன்னிப்பைப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம். அதற்கு அறிவும் அனுபவமும் வேண்டும், இவருக்கு அது போதாது என்று மேலிடத்தில் நினைத்தார்கள். சில மாதங்கள் கழித்துத்தான் அனுமதி வந்தது. முதன் முதலாக அவரிடம் வந்து மண்டியிட்டவர் யார்? அவருக்குப் பாடம் சொன்ன பாலே பாதிரியாரே!

மூடுபனியில் ஒரு கிராமம்

1817 டிசம்பரில் பாலே இறந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் வியான்னியை ஆர்ஸ் ஊருக்கு அனுப்பினார்கள். லியோனுக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். ஊரில் 230 பேர். மண் வீடுகள். நாலு மதுக்கடைகள்! சரியான பங்கு என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த ஊரில் கடவுள் பக்தி அதிகம் இல்லை, நீர் போய் உண்டாக்கும் என்று சொல்லி அனுப்பினார் கூர்போன்.

நடந்தே போனார். மூடுபனியில் வழி தப்பிவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம் வழி கேட்டார். அவன் காட்டினான். நீ எனக்கு ஆர்ஸுக்கு வழி காட்டினாய், நான் உனக்கு மோட்சத்துக்கு வழி காட்டுவேன் என்று அவனிடம் சொன்னாராம். அந்த இடத்தில் இன்று இருவருக்கும் சிலை இருக்கிறது.

ஊர் ஜனங்கள் கெட்டவர்கள் அல்லர். ஞாயிற்றுக்கிழமையும் வயலுக்குப் போவார்கள். மாலையில் குடிப்பார்கள். இரவெல்லாம் ஆடுவார்கள். கோவில் அவர்கள் நினைவில் இல்லை. புரட்சிக் காலத்தில் பூசையும் இல்லை, உபதேசமும் இல்லை. ஒரு தலைமுறையே அப்படி வளர்ந்துவிட்டது.

புதுப் பாதிரியார் என்ன செய்தார்? வீட்டில் இருந்த நல்ல மேஜை நாற்காலிகளை, அவற்றைக் கொடுத்த ஜமீன் மாளிகைக்கே திருப்பி அனுப்பினார். ஒரு வாரத்துக்கு வேண்டிய உருளைக்கிழங்கை மொத்தமாக அவித்து வைத்துக்கொண்டு, அதையே தின்றார். கடைசியில் கிழங்கில் பூஞ்சை பிடித்திருக்கும். விடியும் முன்பே கோவிலுக்குள் போய் ஊருக்காக ஜெபம் செய்தார். ஞாயிறு பிரசங்கத்தை மணிக்கணக்கில் எழுதி மனப்பாடம் செய்வார். மேடையில் ஏறினால் பாதியில் மறந்துவிடும்! ஒன்றும் பேசாமல் இறங்கிவிட்ட நாளும் உண்டு.

மதுக்கடைகளையும் ஆட்டங்களையும் கண்டித்து அவர் பேசியது கடுமையாகத்தான் இருந்தது. ஆட்டத்துக்குப் போவதை விடாத பெண்களுக்கு மன்னிப்புக் கொடுக்காமல் நாள் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வைத்தார். இன்றைக்குப் படித்தால், கொஞ்சம் அதிகம் என்றே தோன்றும். பிற்காலத்தில் அவரே மென்மையாகிவிட்டார். தம் உடம்பைப் பட்டினி போட்டு வதைத்ததையும், வாலிப வயதின் பைத்தியக்காரத்தனம் என்று பின்னால் சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

ஊரில் சிலர் சும்மா இருப்பார்களா? மொட்டைக் கடிதங்கள் வந்தன. அவருடைய நடத்தையைப் பற்றிக் கேவலமான கதை கட்டினார்கள். அவருடைய வீட்டு வாசலில் அசிங்கம் செய்தார்கள். ஒருநாள் தம்மைக் கம்பால் அடித்துத் துரத்துவார்கள் என்றே அவர் எதிர்பார்த்தார். ஆனால் யாரையும் எதிர்த்து அவர் வழக்குப் போடவில்லை. கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

1824-ல் ஏழைப் பெண் குழந்தைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். ஊர்ப் பெண்கள் இருவரையே வெளியூருக்கு அனுப்பிப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினார். அவர்களில் ஒருவர் கத்தரீன் லசாஞ். நாளடைவில் அது அனாதைப் பெண்களுக்கு வீடாகவும் ஆகிவிட்டது. தன்னால் படிக்க முடியாமல் பட்ட பாடு அவருக்கு நினைவு இருந்திருக்க வேண்டும்.

எட்டு நாள் டிக்கெட்

1827-ம் ஆண்டுவாக்கில் வெளியூரில் இருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பிறகு அது வெள்ளமாயிற்று. 1850-க்குப் பிறகு ஆண்டுக்குப் பல பதினாயிரம் பேர் வந்தார்கள். 230 பேர் வசித்த ஊர் அது! லியோன் ரயில் நிலையத்தில் ஆர்ஸுக்குப் போகிறவர்களுக்குத் தனி ஜன்னல் வைத்தார்கள். அங்கே கொடுத்த டிக்கெட் எட்டு நாளைக்குச் செல்லும். ஏன் தெரியுமா? வரிசையில் காத்திருந்து பாதிரியாரைப் பார்ப்பதற்குள் அத்தனை நாள் ஆகிவிடும்!

எதற்காக வந்தார்கள்? பாவசங்கீர்த்தனம் செய்வதற்கு. எந்த வேலைக்கு லாயக்கில்லை என்று முதலில் அனுமதி மறுத்தார்களோ, அதே வேலைக்கு! இரவு ஒரு மணிக்கே எழுந்து கோவிலுக்குப் போவார். குளிர்காலத்தில் நாளொன்றுக்கு 11, 12 மணி நேரம். கோடையில் 16 மணி நேரம்கூட. மரப்பெட்டி போன்ற சின்ன அறை. குளிர்காலத்தில் பனி, வெயில் காலத்தில் புழுக்கம். அதிலே உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராக, ஜனங்களின் துயரத்தைக் கேட்டார். பதில் இரண்டு மூன்று வார்த்தைதான். சில சமயம் கேட்டுக்கொண்டே அழுவார்.

இரவில் அவர் அறையில் தட்டும் சத்தம், இரையும் சத்தம் எல்லாம் கேட்டது என்றும், அது பிசாசின் வேலை என்றும் அவர் சொன்னார். காவலுக்கு ஒரு ஊர்க்காரர் துப்பாக்கியோடு வந்து படுத்தாராம். சத்தத்தைக் கேட்டதும், இனி வரமாட்டேன் சாமி என்று கும்பிடு போட்டுவிட்டாராம்! வியான்னிக்கோ பழகிவிட்டது. சத்தம் அதிகமாக இருந்தால், நாளைக்கு ஒரு பெரிய மீன் வலையில் விழப்போகிறது என்பார். பெரிய பாவி ஒருவன் மனம் திரும்பி வருவான் என்று அர்த்தம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

1845-ல் லக்கோர்தேர் என்ற பெயர்பெற்ற பிரசங்கியார் ஆர்ஸுக்கு வந்தார். பாரிஸ் நகரமே அவருடைய பேச்சைக் கேட்கக் கூடும். அவர் இந்தக் கிராமத்துக் கோவிலில் உட்கார்ந்து வியான்னி பேசியதைக் கேட்டுவிட்டுப் போனார். பெரிய படிப்பாளி பெரிய முட்டாளைப் பார்க்க வந்தார் என்று வியான்னி அதைச் சொல்லிச் சிரித்தார்.

தனக்கு எதிராகத் தானே கையெழுத்து

கூட்டம் வந்தால் பொறாமையும் வரும். இந்தப் படிக்காத மனிதன் ஜனங்களுக்கு என்ன புத்தி சொல்லிக் கெடுக்கிறானோ என்று பக்கத்து ஊர்ப் பாதிரியார்களில் சிலர் நினைத்தார்கள். பிஷப்புக்கு ஒரு மனு எழுதினார்கள். இந்த மனிதருக்கு அறிவு போதாது, பொறுப்பில் வைக்கத் தகாதவர் என்பது மனுவின் சாரம். மனு கை மாறிக் கை மாறிப் போனபோது, தவறிப்போய் வியான்னியின் கைக்கே வந்துவிட்டது!

அவர் படித்தார். பேனாவை எடுத்தார். அதன் அடியில் தம் கையெழுத்தையும் போட்டு அனுப்பி வைத்தார்.

இதை வேடிக்கை என்று நினைத்தவர்கள் உண்டு. எரிச்சலில் செய்த குத்தல் என்று நினைக்கவும் இடம் இருக்கிறது. ஆனால் அவருடைய மற்ற நடவடிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தால், மனுவில் எழுதியிருந்ததை அவர் உண்மை என்றே எண்ணியதாகத் தெரிகிறது. பிஷப் தேவி அவசரப்படவில்லை. கடினமான விஷயங்களில் என்ன தீர்ப்புச் சொன்னீர் என்று எழுதி அனுப்பும்படி கேட்டார். வந்தவற்றைப் படித்துப் பார்த்துவிட்டு, அவர் படித்தவரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, ஆனால் அவருக்குத் தெளிவு இருக்கிறது என்றாராம்.

வெளியூர்க்காரர் எழுதிய மனுவைத் தாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்குள் இருப்பவர் குத்தினால்? 1845-ல் ரேமோன் என்பவர் உதவிப் பாதிரியாராக வந்தார். வயதில் சின்னவர். கிழவருக்கு நிர்வாகம் தெரியாது என்று அதிகாரம் செய்தார். பலர் முன்னால் அவரை மறுத்துப் பேசினார். ஊரார் கொதித்தார்கள். வியான்னியோ அவரைப் பற்றி நல்லதையே சொல்லி, அவரை இங்கேயே விட்டுவைக்க வேண்டும் என்று பிஷப்பிடம் பரிந்து பேசினார். எட்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

மரியாதைகளும் வந்தன. 1852-ல் புது பிஷப் இவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்து, தோளில் பட்டுப் போர்வை ஒன்றைப் போட்டார். கொஞ்ச நாளில் அதை 50 பிராங்குக்கு விற்று, தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார். 1855-ல் அரசாங்கம் பதக்கம் கொடுக்க முன்வந்தது. பதக்கத்துக்கு 12 பிராங்கு கட்டவேண்டும் என்று தெரிந்ததும், அந்தக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பேன், பதக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஓட்டம்

இப்போது அந்த செப்டம்பர் இரவுக்கு வருவோம்.

அது முதல் ஓட்டம் அல்ல. 1840-ல் ஒரு இரவு புறப்பட்டு, வழியில் மனம் மாறித் திரும்பினார். 1843-ல் சாகும் அளவுக்குக் காய்ச்சல் வந்து பிழைத்த பிறகு, பிறந்த ஊரான டார்டில்லிக்கே போய்விட்டார். ஜனங்கள் அங்கேயும் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். சில நாட்களில் திரும்பி வந்தார். ஊர் ஆலய மணியை அடித்து அவரை வரவேற்றது.

தாழ்மை உள்ளவர் என்றால் கொடுத்த இடத்தில் பேசாமல் இருப்பார் என்று நாம் நினைக்கிறோம். இவருக்கு அந்தத் தாழ்மையே எதிரியாக இருந்தது! இவ்வளவு ஆத்துமாக்களுக்குக் கடவுளிடம் கணக்குக் கொடுக்க வேண்டுமே, என்னைப் போன்ற முட்டாள் எப்படிக் கொடுப்பான் என்ற பயம் அவரை உள்ளே அரித்தது. என்னை விட்டுவிடுங்கள் என்று ஒவ்வொரு பிஷப்பிடமும் கேட்டார். ஒருவரும் விடவில்லை. விடுதலை கிடைக்காது என்று தெரிந்துகொண்டே மறுநாள் இரவு ஒரு மணிக்கு எழுந்து கோவிலுக்குப் போனார்.

1853-ல் புது உதவிப் பாதிரியாராகத் தொக்கானியே என்பவர் வந்து சேர்ந்திருந்தார். இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று வியான்னிக்குத் தோன்றிவிட்டது. ஆனால் தாம் போகப்போவதைக் கத்தரீனிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாளால் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. செய்தி தொக்கானியேக்குப் போய்விட்டது. அவர்கள் கண் விழித்துக் காத்திருந்தார்கள்.

கிழவர் ஊர் எல்லையில் உள்ள ஓடையைத் தாண்டப் போகும்போது வழியை மறித்தார்கள். கெஞ்சினார்கள். அவர் கேட்கவில்லை. கையில் இருந்த ஜெபப் புத்தகத்தைத் தொக்கானியே பிடுங்கிக்கொண்டார். ஜெபப் புத்தகம் இல்லாமல் பாதிரியார் எப்படிப் போவார்? வேறு ஒன்றை எடுத்துவர வீட்டுக்குத் திரும்பினார். அதற்குள் ஆலய மணி கணகணவென்று அடித்தது. நெருப்போ, திருடனோ என்று ஊரார் கம்பும் கவையுமாக ஓடி வந்தார்கள். வெளியூரில் இருந்து வந்து காத்துக் கிடந்தவர்களும் எழுந்து ஓடிவந்து, அவர் முன்னால் மண்டியிட்டார்கள். எங்கள் பாவத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள் சாமி என்று அழுதார்கள்.

அவர் அவர்களைப் பார்த்தார். கோவிலுக்குள் போனார். அங்கியை மாட்டிக்கொண்டு, அந்த மரப்பெட்டிக்குள் உட்கார்ந்தார். வரிசை நகரத் தொடங்கியது.

பிறகு அவர் ஓடவில்லை.

கடைசி நாட்கள்

1859-ம் ஆண்டு ஜூலை மாதம் கடும் வெயில். காற்றே இல்லை. 29-ந் தேதியும் வழக்கம்போல் நள்ளிரவுக்குப் பின் கோவிலுக்கு வந்தார். வயது 73. அன்றைக்குப் பல தடவை மூச்சு முட்டியது. இரவில் வீட்டுக்குத் திரும்பிப் படுத்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை.

அறைக்குள் அனல் வீசியது. ஊரார் பெரிய பெரிய துணிகளைக் கொண்டுவந்து அவருடைய வீட்டுக் கூரையில் விரித்தார்கள். ஏணி வைத்து ஏறி, தண்ணீரை ஊற்றி ஊற்றி அந்தத் துணிகள் காயாமல் நனைத்துக்கொண்டே இருந்தார்கள். 41 ஆண்டுகளுக்கு முன் அவரைத் துரத்த நினைத்த ஊர் அது.

ஆகஸ்டு 4-ந் தேதி விடியற்காலம் இரண்டு மணிக்கு உயிர் பிரிந்தது. மற்ற நாளாக இருந்தால், அந்த நேரத்தில் அவர் கோவிலில் விளக்கேற்றி உட்கார்ந்திருப்பார். அன்றும் வாசலில் ஜனங்கள் காத்திருந்தார்கள்.